பணத்தைக் கடைசியில் கொடுங்கள்: கிராமத்துக்கு உதவ நினைக்கும் பக்தர் குழுக்களுக்கு

உங்கள் கோயில் குழுவிலோ தேவாலயச் சபையிலோ பள்ளிவாசல் ஜமாத்திலோ விகாரையிலோ வருடக் கடைசியில் கொஞ்சம் பணம் மிச்சம் இருக்கிறது. யாரோ ஒருவர் எழுந்து, "கஷ்டப்படுகிற கிராமம் ஒன்றைத் தத்தெடுப்போம்" என்கிறார். எல்லோரும் தலையாட்டுகிறார்கள், அடுத்த வாரமே என்ன கட்டிக்கொடுக்கலாம் என்று பேச்சு தொடங்கிவிடுகிறது. நான் எழுத வந்தது அந்த அடுத்த வாரத்தைப் பற்றித்தான். அந்த வாரத்தில் செய்கிற தப்பைத் திருத்தப் பல வருடம் பிடிக்கும்.

நான் இருந்த குழுவும் அதையே செய்தது. ஒரு கிராமத்துக்குப் போனோம், ஒரு கூட்டம் போட்டோம், பொதுக்கூடம் ஒன்று கட்டிக்கொடுத்தோம், வாசலில் எங்கள் குழுவின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தோம். இரண்டு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் கூடம் பூட்டிக் கிடக்கிறது, சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். அங்கிருந்த பெரியவர் ஒருவர் எங்களைச் சமாதானப்படுத்துவதுபோல, "உங்கள் கூடம் நல்லாத்தான் இருக்கு, ஒன்றும் ஆகல" என்றார். உங்கள் கூடம்! திரும்பி வரும் வழியில் வண்டியில் ஒருவரும் பேசவில்லை.

அதனால் முதல் வேலை, 'தத்தெடுப்பு' என்ற சொல்லைக் கூட்டக் குறிப்பிலிருந்து அடித்துவிடுங்கள். குழந்தையைத்தான் தத்தெடுப்பார்கள். நீங்கள் போகப்போகிற ஊர் உங்கள் குழு தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே வறட்சியையும் வெள்ளத்தையும் தாண்டி வந்த ஊர்.

இரண்டாவது வேலை, கையில் இருக்கும் பணம் என்ன வகைப் பணம் என்று பிரித்து வைப்பது. இதைப் பலர் பாதி வழியில்தான் யோசிக்கிறார்கள். இஸ்லாத்தின் கட்டாயக் கொடையான ஜகாத் பணம் என்றால் அது யாருக்குப் போகலாம் என்பதற்கு எட்டு வகையினர் வரையறுக்கப்பட்டிருக்கிறார்கள். ஏழை பணக்காரர் எல்லோரும் பயன்படுத்தும் பொதுக் கிணற்றுக்கு அதைச் செலவிடலாமா என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. விருப்பத்தோடு கொடுக்கும் சதகாவுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. தேவாலயங்களில் தசமபாகம் எதற்கு, தனியாக எடுக்கும் காணிக்கை எதற்கு என்று சபைக்குச் சபை வழக்கம் மாறும். கோயில் உண்டியல் பணத்துக்கு அந்தந்த நாட்டுச் சட்டமே கட்டுப்பாடு விதிப்பதும் உண்டு. கிராமத்தில் ஆசை காட்டிவிட்டு அப்புறம் "இந்தப் பணத்தை இதற்குச் செலவிட முடியாதாம்" என்று போய் நிற்பது பெரிய அவமானம், அதுவும் உங்களுக்கு மட்டுமல்ல. உங்கள் மார்க்க அறிஞரையும் கணக்கரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

குழுவுக்குள் எதிர்ப்பு வரும். "கொடுப்பது நம் கடமை, அதை என்ன செய்கிறார்கள் என்பது அவர்கள் பாடு" என்று ஒருவராவது சொல்வார். அவரிடம் சண்டை போடாமல் மைமோனிடிஸைப் பற்றிச் சொல்லுங்கள். 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞரான அவர் தர்மத்தை எட்டுப் படியாக அடுக்கினார். வாங்குபவருக்கும் கொடுப்பவருக்கும் ஒருவரையொருவர் தெரியாமல் கொடுப்பது மேலிருந்து இரண்டாவது படி. எல்லாவற்றுக்கும் மேலே அவர் வைத்தது, கடனாகவோ கூட்டுத்தொழிலாகவோ வேலையாகவோ கொடுத்து ஒருவர் இனிமேல் கையேந்த வேண்டாதபடி செய்வதை. உங்கள் மரபிலும் இதற்கு இணையான பேச்சு கட்டாயம் இருக்கும், தேடிப் பாருங்கள். வெளியிலிருந்து வரும் மேலாண்மைப் பாடத்துக்கு மசியாதவர்கள் சொந்த மரபின் சொல்லுக்கு மசிவார்கள், இது என் அனுபவம்.

தொகை பெரிதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தைவானில் 1966இல் செங் யென் என்ற பௌத்தத் துறவி தொடங்கிய ட்சூ சி அமைப்பின் முதல் நிதி, முப்பது இல்லத்தரசிகள் தினமும் ஐம்பது காசு வீதம் மூங்கில் உண்டியலில் போட்டது. இன்று அது பல நாடுகளில் வேலை செய்கிறது. ஒரே தடவையில் வந்து விழும் பெருந்தொகை ஊரைக் கலைத்துவிடும், யார் கைக்குப் போவது என்பதிலேயே பாதிச் சண்டை. பத்து வருடம் தவறாமல் வரும் சிறிய தொகையை வைத்து ஒரு ஊர் திட்டம் போட முடியும். எனவே உங்கள் மிச்சப் பணத்தை ஒரு வருடத்தில் தீர்க்க நினைக்காதீர்கள்.

சரி, ஊருக்குப் போகலாம்.

முதல் மூன்று தடவை வெறுங்கையோடு போங்கள். பரிசுப் பொட்டலம், பதாகை, புகைப்படக்காரர் எதுவும் வேண்டாம். ஊர்த் தலைவர் உங்களைத் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து எல்லாவற்றையும் அவரே சொல்லி முடிக்கப் பார்ப்பார், மரியாதைக்கு உட்கார்ந்துவிட்டு எழுந்து நடங்கள். ஊரின் ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிவரை, நீர்நிலை, மேய்ச்சல் நிலம், கடைசி வீடு எல்லாம் தொடும்படி, ஊர்க்காரர்களோடேயே நடப்பது. இது வளர்ச்சித் துறை ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் போன்றவர்கள் 1980களிலும் 90களிலும் உலகம் முழுக்கப் பரப்பிய பங்கேற்பு முறைகளில் ஒன்று. தரையில் கல்லும் குச்சியும் வைத்து அவர்களே ஊரின் வரைபடம் போடுவது, எந்த மாதம் வேலை இல்லை, எந்த மாதம் நோய், எந்த மாதம் கடன் என்று பருவக் கணக்கு வைப்பது, எந்த வீடு ரொம்பக் கஷ்டத்தில் இருக்கிறது என்று கூழாங்கற்களால் பிரிப்பது எல்லாம் அந்த வகைதான். பேனாவை நீங்கள் பிடிக்காத வரை நன்றாக நடக்கும். பிடித்த நிமிடமே அவர்கள் வாய்மூடி, நீங்கள் எழுத விரும்புவதைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

பெண்களிடம் தனியாக, பெண்கள் போய்ப் பேச வேண்டும். பொதுக்கூட்டத்தில் ஒரு பெண் பின்வரிசையிலிருந்து தலையாட்டினார் என்பதை வைத்து "பெண்களின் கருத்தும் கேட்கப்பட்டது" என்று எழுதிவிடாதீர்கள். தண்ணீர் எடுக்கப் போகும் நேரம், வழி, காத்திருக்கும் இடம் எல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொரு பொறி இருக்கிறது, அது நம்மைப் போன்ற குழுக்களுக்கென்றே வைத்த பொறி. அந்த ஊரில் உங்கள் மதத்தைச் சேர்ந்தவர்கள் சிலர் இருந்தால் அவர்கள்தான் உங்களை முதலில் வரவேற்பார்கள், சாப்பாடு போடுவார்கள், வழிகாட்டுவார்கள். அவர்கள் காட்டுவது அவர்கள் தெரு. கெட்ட எண்ணம் எதுவும் வேண்டியதில்லை, இயல்பாகவே அப்படி ஆகிவிடும். ஆறு மாதத்தில் பக்கத்துத் தெருக்காரர்கள் இதை "அவங்க ஆளுங்களுக்கு வந்த பணம்" என்று பேசத் தொடங்கினால், அதன்பிறகு நீங்கள் என்ன செய்தாலும் அந்தப் பேச்சு போகாது. எனவே இரண்டாவது தடவை போகும்போதே வேறு தெருக்காரர் ஒருவரை வழிகாட்டக் கேளுங்கள்.

கேட்க வேண்டிய கேள்வி: "கடந்த பத்து வருடத்தில் வெளியார் உதவி இல்லாமல் நீங்களே சேர்ந்து செய்த காரியம் எது?" "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் பட்டியல்தான் வரும், அதுவும் போன தடவை வந்த அமைப்பு எதைக் கொடுத்ததோ அதை ஒட்டிய பட்டியல். முதல் கேள்விக்கு வரும் பதிலில்தான் ஆட்கள் தெரிவார்கள். வாய்க்கால் தூர்வாரும்போது ஆள் திரட்டியவர் யார், சாவு வீட்டுக்குப் பணம் வசூலித்துக் கணக்கு ஒப்படைத்தவர் யார், சண்டையை முடித்து வைத்தவர் யார் என்று. ஜான் மெக்நைட்டும் ஜோடி கிரெட்ஸ்மனும் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து 1993இல் முன்வைத்த முறையின் சாரமும் இதுதான்: குறைகளின் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவது.

இப்போது பணம் எப்போது என்று கேட்பீர்கள். இன்னும் இல்லை.

1982இல் பாகிஸ்தானின் வடக்கு மலைப்பகுதியில், கில்கிட்டை மையமாக வைத்து ஆகா கான் ஊரக ஆதரவுத் திட்டம் தொடங்கியது. நடத்தியவர் ஷோயிப் சுல்தான் கான். ஊருக்குப் போய் அவர்கள் வைத்த நிபந்தனை எளிமையானது. பெரும்பாலான வீடுகள் சேர்ந்த ஒரு ஊர்ச் சங்கம் வேண்டும், அது தவறாமல் கூட வேண்டும், கூடும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொருவரும் எவ்வளவு சிறிதானாலும் சேமிக்க வேண்டும், எல்லோருக்கும் பயன்படும் வேலை ஒன்றை ஊரே தேர்ந்தெடுக்க வேண்டும், முடிந்தபின் பராமரிப்பும் ஊருடையது. இவற்றுக்குச் சரி என்றால்தான் அந்த ஒரு வேலைக்குப் பணம். பல ஊர்கள் கேட்டது பாசன வாய்க்கால்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். ஷியா முஸ்லிம்களில் ஒரு பிரிவான இஸ்மாயிலி சமூகத்தின் இமாம் உருவாக்கிய அறக்கட்டளையின் திட்டம் அது, ஆனால் இஸ்மாயிலிகள், மற்ற ஷியாக்கள், சுன்னிகள் என்று எல்லா ஊர்களுக்கும் அதே நிபந்தனையோடுதான் போனது.

இலங்கையில் சர்வோதயம் என்ற கிராம முன்னேற்ற இயக்கம் தொடங்கியதில் பணமே இல்லை. 1958இல் கொழும்பில் ஆசிரியராக இருந்த ஏ. டி. அரியரத்ன தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு, சாதியால் ஒதுக்கப்பட்ட கனதொலுவ என்ற கிராமத்துக்குப் போய் ஊர்க்காரர்களோடு சேர்ந்து வேலை செய்தார். சிரமதானம், அதாவது உழைப்பைத் தானமாகக் கொடுப்பது. பௌத்தத்தின் தானம் என்ற கருத்தை எடுத்து, கொடுப்பவர் வாங்குபவர் என்ற கோட்டையே அழித்துவிட்டார். ஊர்க்காரரும் கொடுக்கிறார், மாணவரும் கொடுக்கிறார். உங்கள் குழுவினர் ஊருக்குப் போய் ஏதாவது செய்தே தீர வேண்டும் என்று துடித்தால் இதைச் செய்யட்டும். ஊர் தானே முடிவு செய்த ஒரு வேலையில், ஊர்க்காரர் ஒருவரை மேஸ்திரியாக வைத்து, அவர் சொல்கிறபடி மண் சுமக்கட்டும். (முதுகு வலியோடு திரும்பிய எங்கள் பொருளாளர் அதற்குப் பிறகு மதிப்பீட்டுத் தொகையைப் பற்றிக் கேள்வி கேட்கும் தொனியே மாறிவிட்டது.)

ஊரில் சங்கம் எதுவும் இல்லையென்றால் சேமிப்புக் குழுவிலிருந்து தொடங்குவது நல்லது. 1991இல் நைஜரின் மராடிப் பகுதியில் கேர் (CARE) என்ற சர்வதேச உதவி அமைப்பு பெண்களோடு சேர்ந்து உருவாக்கிய முறை இன்று ஆப்பிரிக்கா முழுக்கப் பரவியிருக்கிறது. பதினைந்து முதல் இருபத்தைந்து பேர், வாரா வாரம் கூடுவார்கள், பணம் ஒரு இரும்புப் பெட்டியில், பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று சாவியும் மூன்று பேரிடம், பெட்டி நான்காவது ஆளிடம். எண்ணுவது எல்லோர் கண்முன்னால். குழுவுக்குள்ளேயே கடன், வட்டி அவர்கள் முடிவு செய்வது, வருடக் கடைசியில் பங்கு பிரித்துவிட்டு மறுபடி தொடக்கம். வட்டி கூடாது என்கிற மரபுள்ள இடங்களில் லாபப் பங்கு, நிலைக் கட்டணம் என்று மாற்றிக்கொள்கிறார்கள். இதில் உங்கள் பணம் போகக் கூடாது. வெளிப்பணம் பெட்டிக்குள் போனால் அந்த வாரத்தோடு எல்லோரும் கவனமாக எண்ணுவதை நிறுத்திவிடுவார்கள். பெட்டிக்கும் பயிற்சி கொடுப்பவருக்கும் ஆகும் செலவை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இப்படி ஒரு வருடம் ஓடினால் ஊரே ஒரு வேலையைச் சொல்லும். அப்போது ஒரு பக்கத்துக்கு மிகாத ஒப்பந்தம் எழுதுங்கள், உள்ளூர் மொழியில், படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கூட்டத்தில் வாசித்துக் காட்டி. ஊர் என்ன கொடுக்கிறது (உழைப்பு, மணல், நிலம், கொஞ்சமாவது பணம்), நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள், எத்தனை தவணை, சாவி யாரிடம், பழுதானால் யார் சரிசெய்வது, அந்தப் பணம் எங்கிருந்து. கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் கைப்பம்புகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று எந்த நேரத்திலும் வேலை செய்யாமல் கிடக்கிறது என்று 2009இல் ஊரகக் குடிநீர் வல்லுநர்கள் கணக்கிட்டார்கள். போடும்போது எல்லோரும் கைதட்டிய பம்புகள்தான் அவை. உதிரிபாகம் கிடைக்காது, மெக்கானிக் வரமாட்டார், வந்தாலும் கொடுக்கப் பணம் இருக்காது. குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் ஏறும் என்று தென்னாப்பிரிக்காவில் உருவாக்கிய விளையாட்டுப் பம்புக்கு 2006இல் பெரும் நிதி அறிவித்தார்கள். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால் குழந்தைகள் எப்போதும் விளையாடவில்லை, பெண்கள்தான் அந்தச் சக்கரத்தைக் குனிந்து தள்ள வேண்டியிருந்தது, பழுதானால் ஊரில் சரிசெய்ய முடியவில்லை, சில இடங்களில் ஓடிக்கொண்டிருந்த பழைய கைப்பம்பைக் கழற்றிவிட்டுத்தான் இதை வைத்திருந்தார்கள். நன்கொடையாளருக்குப் பிடித்த பொருள் என்றாலே நான் இப்போதெல்லாம் கொஞ்சம் பின்வாங்குகிறேன்.

கணக்கு விஷயத்துக்கு வருவோம், இதில்தான் நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். "கடவுள் காரியத்தில் சந்தேகப்படுவதா" என்பார்கள். இந்தோனேசியாவில் 600க்கும் மேற்பட்ட கிராமங்களில் ஊர்க்காரர்களே நடத்திய சாலைத் திட்டத்தை வைத்துப் பொருளாதார அறிஞர் பெஞ்சமின் ஓல்கன் ஓர் ஆய்வு செய்து 2007இல் வெளியிட்டார். சாலையைத் தோண்டி மாதிரி எடுத்து, உண்மையில் எவ்வளவு கல்லும் மணலும் போயிருக்கிறது என்றே அளந்தார். தணிக்கை நிச்சயம் வரும் என்று முன்பே சொன்ன ஊர்களில், காணாமல் போன செலவு ஏறக்குறைய 8 சதவீதப் புள்ளி குறைந்தது. கணக்குக் கேட்கும் கூட்டத்துக்கு நிறையப் பேரை அழைத்ததால் வந்த சராசரி மாற்றமோ மிகக் குறைவு. கூட்டம் கூடினால் கூலிப் பணத்தில் கைவைப்பது குறைந்தது, ஏனென்றால் தன் கூலி குறைந்தால் யாரும் கேட்பார்கள். கல், மணல் கணக்கு யாருக்கும் புரியவில்லை, அங்கே குறையவில்லை. நீங்கள் செய்ய வேண்டியது இதிலிருந்து தெளிவு: கூலிப் பட்டியலை ஊர்ப் பலகையில் ஒட்டுங்கள், அதை ஊர் பார்த்துக்கொள்ளும். பொருள் அளவைச் சரிபார்க்க ஊருக்கும் உங்களுக்கும் சொந்தமில்லாத ஒரு பொறியாளரைப் பணம் கொடுத்து வையுங்கள், வேலை தொடங்கும் முன்பே அவர் வருவார் என்று எல்லோருக்கும் சொல்லுங்கள். உங்கள் குழுவின் செலவும் அதே பலகையில் ஒட்டப்பட வேண்டும், பயணச் செலவு உட்பட. அங்கே ஒட்ட வெட்கப்படும் செலவு என்றால் செய்யாமல் இருந்துவிடலாம்.

மதத்தைப் பற்றி. கூட்டம் உங்கள் பிரார்த்தனையோடு தொடங்க வேண்டாம். பயனாளிகள் உங்கள் நிகழ்ச்சிக்கு வர வேண்டாம், நன்றிக் கடிதமும் வேண்டாம். உதவியை மதக் கருத்தையோ அரசியல் கருத்தையோ பரப்பப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி, செஞ்சிலுவை இயக்கமும் பிற அமைப்புகளும் பேரிடர் உதவிக்காக 1994இல் உருவாக்கிய நடத்தை நெறியில் இருக்கிறது. அதை முன்வைத்தவர்களில் கிறிஸ்தவ அமைப்புகளான காரித்தாஸ், லூத்தரன் உலகக் கூட்டமைப்பு, உலகத் திருச்சபைகள் மன்றம் ஆகியவையும் உண்டு. நம்பிக்கையை மறைக்கச் சொல்லவில்லை, யார் நீங்கள் என்று கேட்டால் நேராகச் சொல்லுங்கள். ஆனால் கையில் பணம் இருப்பவர் "சும்மா வாங்க, கட்டாயமில்லை" என்று சொன்னாலும் எதிரில் இருப்பவருக்கு அது கட்டாயமாகத்தான் கேட்கும்.

உங்கள் ஆட்கள் பொறுமை இழப்பார்கள், அதுதான் உண்மையில் பெரிய தலைவலி. "இரண்டு வருடம் ஆச்சு, காட்ட ஒன்றும் இல்லையே." கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் மோசஸ் கோடி என்ற கத்தோலிக்கப் பாதிரியார் மீனவர்களையும் விவசாயிகளையும் சிறு சிறு படிப்பு வட்டங்களாகச் சேர்த்து, அவர்கள் ஏன் ஏழையாக இருக்கிறார்கள் என்று அவர்களையே கணக்குப் போட வைத்தார். புனித பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகம் 1928இல் அதற்கென்று ஒரு துறையே அமைத்தது. படிப்புக்குப் பிறகுதான் கூட்டுறவுகளும் கடன் சங்கங்களும் வந்தன. ஸ்பெயினின் மொண்ட்ராகோனுக்கு 1941இல் வந்த பாதிரியார் அரிஸ்மெண்டியரியெட்டா 1943இல் ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார், அங்கிருந்து வந்த ஐந்து பேர் முதல் கூட்டுறவுத் தொழிலைத் தொடங்கியது 1956இல். பதினைந்து வருடம்! நிதி கொடுக்கும் பெரிய நிறுவனங்களுக்கு மூன்று வருடத்தில் அறிக்கை வேண்டும், உங்களுக்கு வேண்டாம். தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் கூடிவருகிற குழுவுக்கு அவர்களிடம் இல்லாத ஒரே சொத்து இந்தக் காலம்தான், அதைச் செலவழியுங்கள்.

விலகுவதையும் முதல் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: எந்த வருடத்திலிருந்து தொகை குறையும், எப்போது நிற்கும், சொத்து யார் பெயருக்குப் போகும். சொல்லாமல் நிற்பது நம்பிக்கைத் துரோகம், நிற்காமலே இருப்பது வேறு வகைத் தொல்லை.

எங்கள் கூடம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்த ஊரில் பிற்பாடு ஒரு சேமிப்புக் குழு உருவாகி, அந்தப் பெண்கள் கூடுவதற்கு மழைபடாத இடம் தேடினார்கள். பூட்டை உடைத்துவிட்டுத்தான் எங்களுக்குத் தகவல் சொன்னார்கள். கட்டடத்தை ஊர்ச் சங்கத்தின் பெயருக்கு எழுதிக்கொடுத்தோம், பத்திரச் செலவு மட்டும் எங்களுடையது. அடுத்த தடவை போனபோது வாசலில் எங்கள் கல் இல்லை, துணி துவைக்கும் இடத்தில் கிடந்தது.